தெற்குச் சுவர் நிழல்

சித்திரை பிறந்த முதல் வாரத்தில் அந்த வீட்டுக் கோழிகள் இடம் மாறிவிட்டன. அதுவரை உச்சி வெயிலுக்கு வடக்குச் சுவரடியில் குழி பறித்துப் படுத்தவை, இப்போது தெற்குச் சுவரடியில் கிடக்கின்றன. கரூர் வட்டாரத்தில் ஏப்ரல் 19 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. அதன்பின் ஆகஸ்ட் நான்காவது வாரம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். சுவரின் நிழல் தெற்கே விழும். பூகோளம் படிக்காத கோழி இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே அம்மாயி தண்ணீர்ச் சட்டியைத் தூக்கித் தெற்குப் பக்கம் வைத்துவிட்டார். அவர் வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கோழி கிடக்கிற இடத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அவரை அம்மாயி என்று கூப்பிடுவது திருப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் மகள் வயிற்றுப் பேரன். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் நான் அவரோடு பேசியது குறைவு. ஆனால் என் ஜன்னல் நேராகப் பொடக்காலியைப் பார்க்கிறது. வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் இருக்கும். மூலையில் முருங்கை. இரண்டு வரிசை கத்திரி, ஒரு வரிசை கொத்தவரை, நாலைந்து வெண்டை, மிளகாய், தக்காளி. கம்பிப் பந்தலில் பாகலும் சுரையும். கறிவேப்பிலை மரத்துக்கடியில் பஞ்சாரம். ஏழு பொட்டைக் கோழிகள், மூன்று சேவல்கள்.

ஊர் க.பரமத்திப் பக்கம். வானிலை ஆய்வு மையத்தின் அன்றாடப் பட்டியலில் ‘கரூர் பரமத்தி’ என்று வருகிற அந்தப் பெயர், கோடையில் வேலூரோடும் ஈரோட்டோடும் திருத்தணியோடும் முதலிடத்துக்கு மல்லுக்கட்டும். அம்மாயியின் கணவர் அப்புச்சிக்கு இதில் ஒரு பெருமை. கயிற்றுக் கட்டிலை டிவிக்கு நேராகப் போட்டுக்கொண்டு, வெயில் சதமடித்த ஊர்களின் பெயரை வாசிக்கும்போது சத்தத்தைக் கூட்டுவார். “நூத்தியேழாம்! வேலூரு நம்மளுக்குக் கீழதான்!” என்று பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார். பின்பக்கமிருந்து பதில் வராது. அங்கே இருப்பவருக்கு அது மத்தியானமே தெரிந்த சேதி.

வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குழாயில் வருகிற காவிரி ‘நல்ல தண்ணி’. அது என்றைக்கு வரும் என்பது யாருக்கும் உறுதியில்லை. போரில் ஏறுவது ‘உப்புத் தண்ணி’. கோடை முற்ற முற்ற உப்பும் முற்றும். குடிக்கவும் சோறாக்கவும் போக நல்ல தண்ணியில் அடுத்த பங்கு கோழிக்குத்தான். மனிதர்கள் குளிப்பதே உப்புத் தண்ணியில். செடிக்கும் அதுதான். அரிசி களைந்த கழுநீர் மட்டும் மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் முறை வைத்துப் போகிறது. குளியலறையிலிருந்து வழிவது வாழைக்கு. பாத்திரம் கழுவிக் கொட்டும் இடத்தில் சேம்பு நிற்கிறது. அந்த வீட்டில் ஒரு சொட்டு சும்மா தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை.

விடிவதற்கு முன்பே பின்பக்க விளக்கு எரியும். முதலில் சட்டிகள். மண்சட்டிகளைக் கவிழ்த்து, உள்ளே படிந்த வழுவழுப்பு போகத் தேங்காய் நாரால் தேய்த்து, இரவெல்லாம் வெளியில் ஆறிய குடத்துத் தண்ணீரை ஊற்றுகிறார். சட்டி பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். கோழி ஏறி மிதித்தாலும் கவிழாது. பத்து மணி வரை சில்லென்றும் இருக்கும். பிறகு பஞ்சாரத்தைத் தூக்கி, ஊறவைத்த கம்போடு காயவைத்து இடித்த முட்டை ஓட்டையும் கலந்து போடுவார். அந்தத் தீனி ஏழு மணிக்குள் முடிந்தாக வேண்டும். அடுத்த தீனி பொழுது சாய்ந்துதான். நடுவில் பேரன் அரிசியை வாரி இறைக்கப் போனால் மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறார்.

“இப்பப் போடக் கூடாது சாமி. வவுறு நெறைஞ்ச கோழிதான் வெயில்ல சுருண்டு விழும்.”

தின்றது செரிக்கும்போது உடம்பு சூடாகும். வெளிச் சூடும் உள்சூடும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது என்பது கோழிப் பண்ணைக்காரர்களும் கடைப்பிடிக்கிற விதிதான். பண்ணையில் விசிறியும் தூவல் தண்ணீரும் உண்டு. இங்கே ஒரு கிழவியின் கை உண்டு.

செடிக்குத் தண்ணீர் விட அவர் டியூபைத் தொடுவதில்லை. வாளியும் சொம்பும்தான். இலையில் படாமல் தூரில் மட்டும் ஊற்றுகிறார். உப்புத் தண்ணீர் இலையில் பட்டுக் காய்ந்தால் ஓரம் கருகும் என்பதை அந்தக் குனிந்த முதுகை வைத்தே தெரிந்துகொள்ளலாம். பையனுக்கு டியூப் பிடிக்கத்தான் ஆசை. ஒருநாள் மூன்று மணிக்கு, அம்மாயி கண்ணயர்ந்த நேரம், திருகிவிட்டான். காலையிலிருந்து வெயிலில் கிடந்த டியூபுக்குள் இருந்த தண்ணீர் முதலில் அவன் பாதத்தில்தான் விழுந்தது. குதித்தான். அந்தத் தண்ணீர் கத்திரித் தூருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குமேல் யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாயி எழுந்து வந்து அவன் காலில் சட்டித் தண்ணீரை ஊற்றினார். கோழித் தண்ணீர் என்று அவன் முகத்தைச் சுளித்தான்.

சுரைக்கு மட்டும் ஏற்பாடு வேறு. விளிம்பு உடைந்த பழைய மண்பானை ஒன்றைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, வாயை ஓட்டுத்துண்டால் மூடி வைத்திருக்கிறார். மெருகேற்றாத பானையின் சுவர் வழியே தண்ணீர் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் நின்றுவிடும். வேர் தானே தேடி வந்து பானையைச் சுற்றிக்கொள்ளும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்றிலும் இந்தப் புதைபானை முறை இருக்கிறது. அம்மாயிக்கு அது தெரியாது, தெரிந்தும் ஆவதொன்றுமில்லை. அவருடைய தொல்லை வேறு. உப்புத் தண்ணீர் பானையின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடுகிறது. உள்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. வேர் சுற்றியிருப்பதால் பானையை வெளியே எடுக்கவும் முடியாது. குந்தி உட்கார்ந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, நாரால் சுரண்டுகிறார். முகம் மண்ணை ஒட்டியிருக்க, கண் மட்டும் கோழிகள் மேல்.

தண்ணீரை இப்படிப் பங்கு போடுகிறவர், சில செடிகளுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லியாக வேண்டும். சித்திரை நடுவிலேயே தக்காளிக்கு நிறுத்திவிட்டார். பகல் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இரவும் ஆறாமல் கிடந்தால் தக்காளிப் பூ காயாகாது. மகரந்தம் கெட்டு, காம்போடு உதிர்ந்துவிடும். செடியைப் பார்த்தால் பச்சையாக, நம்பிக்கையாகத்தான் நிற்கிறது. பையன் கேட்டான்:

“அம்மாயி, தக்காளிக்கி ஊத்துலீங்களா?”

“அதுக்கு ஊத்துன காலம் போச்சு.”

“பூ வுட்டிருக்குதுங்களே?”

“பூவத்தான் வுடும். கொத்தவரைக்கி ஊத்து. அது வெயிலுக்குப் பொறந்தது.”

கொத்தவரை உண்மையிலேயே அப்படித்தான். கத்திரி சுணங்குகிறது, வெண்டை முற்றுகிறது, கொத்தவரை மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளுகிறது. தினமும் அந்த வீட்டுக் குழம்பில் கொத்தவரையோ முருங்கையோதான். அரவக்குறிச்சி, க.பரமத்திப் பக்கமே முருங்கைக்குப் பேர்போன மண். கோடைதான் அதற்கு உற்சவம். மாடிப்படியில் ஒருநாள் எனக்கும் ஒரு கட்டு முருங்கைக்காய் வைக்கப்பட்டிருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் போன மிச்சம் அது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பொடக்காலியின் தலையாய சண்டை. மண் காயாமலிருக்க மூடாக்கு போட வேண்டும். மூடாக்கு போட்டால் கோழி கிளறும். இதற்கு உலகத்தில் எந்தச் சமாதானமும் இல்லை. அம்மாயி நிலக்கடலைத் தொலியையும் நறுக்கிய சோளத்தட்டையும் கத்திரித் தூரைச் சுற்றிக் கனமாகப் பரப்புகிறார். அவர் முதுகு திரும்பியதும் ஏழு பொட்டைகளும் வந்துவிடும். மூடாக்கின் அடியில் ஈரமும் இருக்கிறது, புழுவும் இருக்கிறது. கோழிக்கு இரண்டும் வேண்டும். வலது காலால் இரண்டு வாரல், இடது காலால் ஒன்று, ஒரு எட்டு பின்னால் வைத்துத் தலையைச் சாய்த்து ஒரு பார்வை, ஒரு கொத்து. பத்து நிமிடத்தில் ஒரு செடியின் வேர் வெளியே வந்துவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. வேர் தெரிகிற அந்த ஈரக் குழியில் வயிற்றை வைத்து அமுக்கிப் படுத்து, இறகுக்குள் குளிர்ந்த மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்.

முதலில் பச்சை வலை கட்டினார், அடியில் நுழைந்தன. செங்கல் அடுக்கினார்; ஏறி நின்றன. கடைசியில் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வந்து மூடாக்கின் மேல் பரப்பினார். அது பலித்தது, ஆறு கோழிகள் வரை. ஏழாவது செவலைப் பொட்டை, கழுத்தில் இறகே இல்லாத சாதி. அது முள்ளுக்கு முன்னால் நின்று சற்று யோசிக்கும். பிறகு கழுத்தை நீட்டி, ஒரு முள்கிளையின் நுனியை அலகால் கவ்வி, பின்னோக்கி இழுக்கும். வழி வந்தால் போகும். வராவிட்டால் அடுத்த கிளை. அம்மாயி அதைத் திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் கல் எடுத்து எறிந்ததில்லை.

அதோடு, கோழிகளுக்கென்றே முருங்கையடியில் ஒரு குழி வெட்டி, அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து கொட்டி, அந்தியில் ஓரத்தில் மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்து வைத்தார். கோழிச்செள் போகச் சாம்பல், சூடு தணிய ஈரம். கத்திரிக்கு நேர்ந்த பாதி அழிவு அதோடு நின்றது.

பதினொன்றிலிருந்து நான்கு வரை அவர் ஒன்றும் செய்வதில்லை. சும்மா இருப்பதும் அங்கே ஒரு வேலை. செடிகள் இலையைத் தொங்கப் போட்டுக் கிடக்கும்; பார்க்கிறவர்களுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றத் தோன்றும். அம்மாயி ஊற்ற மாட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கும் தொங்கினால்தான் அது தாகம். மத்தியானம் தொங்குவது செடி தன்னைக் காத்துக்கொள்கிற விதம். கதவோரம் உட்கார்ந்து முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பார்.

அந்த நேரத்துக் கோழியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். வெளிக்காற்றும் அதே அளவைத் தொடுகிறபோது, உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்ள வெளியில் இடமில்லை. மூச்சிலிருந்து ஆவியாகும் ஈரம்தான் பெரிய வழி. எல்லாம் அலகைத் திறந்துவிடுகின்றன. தொண்டைத் தோல் விடாமல் துடிக்கிறது. சிறகை உடம்பிலிருந்து தூக்கி, காற்று புக இடம்விட்டு நிற்கின்றன. கொண்டையும் தாடியும் ரத்தம் ஏறிச் சிவந்து கிடக்கின்றன. கறுப்புச் சேவல்தான் முதலில் வாயைத் திறக்கும். கடைசிவரை மூடிய அலகோடு திரிவது அந்தச் செவலைப் பொட்டை. மொட்டைக் கழுத்து அதற்கு அழகில்லை, ஆனால் சூடு வெளியேறத் திறந்து கிடக்கும் தோல் அது.

இப்படி மூச்சு வாங்குவதற்கு ஒரு விலை உண்டு. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராது. அம்மாயி கூடையில் கைவிட்டு ஒரு நாள் தோல் முட்டை ஒன்றை எடுத்தார். ஓடே இல்லை. உள்ளங்கையில் வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சரிந்து, விரலிடுக்கில் வழிந்துவிடப் பார்த்தது. வெளிச்சத்தில் மஞ்சள் கரு நிழலாக அசைந்தது. பையன் தொட்டுப் பார்க்கக் கேட்டான். கொடுத்தார். உடைத்துவிட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் கம்பில் முட்டை ஓட்டுத் தூள் கூடுதலாக விழுந்தது.

அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்னரே ஒரு கோழி அடை கிடக்கப் பார்த்தது. அம்மாயி விடவில்லை. வாளித் தண்ணீரில் வயிறு நனைய முக்கி முக்கி எடுத்தார். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. ஆனால் சாம்பல்நிறக் கோழி ஒன்று யாருக்கும் தெரியாமல் விறகு அடுக்குக்குப் பின்னால் முட்டையிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கண்டுபிடிக்கும்போது பதினோரு முட்டைகள். இனி எழுப்பினால் எல்லாம் பாழ். சரி கிட என்று, அடியில் ஈர மணல் பரப்பிய கூடைக்கு இரவோடு இரவாக மாற்றினார். கோடை இடி முட்டையைக் கெடுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. கூடையில் ஒரு துண்டு இரும்பும் இரண்டு வரமிளகாயும் ஒரு கரித்துண்டும் போய்ச் சேர்ந்தன. இருபத்தொரு நாள் முடிந்தபோது குஞ்சு நான்கு, கூமுட்டை ஏழு. நடுவில் ஒரு நாள் இடித்ததும் உண்மைதான். எனக்கென்னவோ இடியை விட, அடைக்கு முன்பு அந்த முட்டைகள் சூட்டில் கிடந்த நாட்களின் மேல்தான் சந்தேகம். இட்ட முட்டை ஆறாமல் கிடந்தால், கோழி உட்காருவதற்கு முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். அம்மாயி இரும்புத் துண்டைத் துடைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தார். அந்த நான்கையும் காப்பாற்றியது அதுதானே.

மற்றவை சின்னச் சின்னக் கதைகள். வெண்டையில் செம்பேன் விழுந்தது, செடியோடு பிடுங்கி எரித்தார். மிளகாய் சுருண்டது, புளித்த மோர் தெளித்தார், பாதி தேறியது. பக்கத்துத் தெருவில் வெள்ளைக் கழிச்சலில் கோழிகள் வரிசையாகப் போன செய்தி வந்தது. இங்கே ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்துகிற தடுப்பூசி முகாமுக்குப் பத்தையும் கூடையில் போட்டு, அப்புச்சியின் சைக்கிளில் கட்டி அனுப்பியிருந்தார். அப்புச்சி பெருமையடித்துப் பேசுகிற இன்னொரு சாதனை அது.

அக்னி முடியப்போகும் வாரத்தில் ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்தது. முதலில் காற்று. பச்சை வலை பிய்த்துக்கொண்டு முருங்கை உச்சியில் போய் மாட்டியது. பந்தலின் ஒரு கால் சாய்ந்து, பாகல்கொடி மொத்தமும் தரைக்கு வந்தது. பிறகு அரைமணி நேரம் அடித்து ஊற்றியது. அம்மாயி கொடியைப் பார்க்கப் போகவில்லை. குண்டா, வாளி, அண்டா என்று வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வரிசை கட்டினார். பேரன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நனைந்தான். அப்புச்சி கரண்ட் போன டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியலில் ஈசல். விறகு அடுக்கின் அடியிலிருந்து, சுவர் வெடிப்பிலிருந்து, முருங்கைத் தூரிலிருந்து கொத்துக் கொத்தாக. பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் கம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுவரில் மோதி, தாவிப் பிடித்தன. நான்கு குஞ்சுகளும் தம் அலகைவிடப் பெரிய சிறகை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஓடின. அம்மாயி ஊறவைத்த கம்பை மறுபடி தண்ணீரில் போட்டார்.

கரூர் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. வைகாசி நோம்பி முடிந்து, கம்பம் அமராவதியில் இறங்கியதும் எல்லார் வீட்டிலும் கறிக்குழம்புதான். அதற்கு முன்னதாகவே கோழிக்காரர் எக்ஸெல் வண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கறுப்புச் சேவலையும் இன்னொன்றையும் காலைக் கட்டித் தராசில் தொங்கவிட்டார்.

“எடை கொறச்சலா இருக்குதுங்களே அம்மா. வெயில்ல எல்லா ஊட்டுக் கோழியும் எளைச்சுக் கெடக்குது.”

“நீயுந்தான் எளைச்சுக் கெடக்கற. வெலைய ஒழுங்காச் சொல்லு.”

கொஞ்ச நேரம் பேரம். பிறகு அவர் கண் செவலைப் பொட்டை மேல் விழுந்தது. “அதையும் போடுங்க. கழுத்து மொட்டையா இருந்தாலும் கறி நல்லா இருக்கும். சேத்து வெலை போட்டுத் தாரேன்.”

“அது வேண்டாம்.”

“முட்டை வெக்குதுங்களா?”

“நூத்தியேழுக்கும் வாயத் தொறக்காத கோழி அது. ஆடியில அதும் முட்டையத்தான் அடை வெக்கோணும்.”

கத்திரிச் செடி ஒன்றிலும் இரண்டு காய்கள் விதைக்கென்று பறிக்கப்படாமல் மஞ்சளாகிக்கொண்டிருப்பதை நான் பார்த்து வைத்திருந்தேன். உப்புத் தண்ணீரில் இலை ஓரம் கருகாமல் நின்ற செடி அது.

கோழிக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அம்மாயி திரும்ப எண்ணி, அதிலிருந்து ஐம்பது ரூபாயை உருவி அவர் கையிலேயே திணித்தார்.

“கரூரு சந்தையில அவரை வெதை நூறு கிராம் வாங்கிட்டு வா.”

“ஆடிக்கி இன்னும் கெடக்குதுங்களே.”

“நீ வாங்கிட்டு வா.”

அவர் வண்டியை உதைத்தார். கூடைக்குள்ளிருந்து கறுப்புச் சேவல் கூவியது. அம்மாயி வாசல்வரை போய், சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்:

“பழைய வெதைய ஏந்தலையில கட்டிராத! மொளைக்கலீன்னா அடுத்த சேவலுக்கு வந்து நிக்காத, ஆமா!”